சேவைத் தலைமை என்றால் எல்லோருடைய வேலையையும் நானே சுமப்பதா?

கேள்வி: புதிதாகப் பொறுப்பேற்ற அணித்தலைவர்

அனைவருக்கும் வணக்கம். வாடிக்கையாளர் நிறுவனங்களின் மென்பொருள்களைப் பராமரிக்கும் ஓர் அணிக்கு எட்டு மாதங்களுக்கு முன்பு என்னைத் தலைவராக நியமித்தார்கள். அணியில் என்னைத் தவிர 11 பேர் இருக்கிறார்கள். அதற்கு முன்பு 9 ஆண்டுகள் அதே அணியில் ஒருவனாக வேலை பார்த்தவன் நான். அதட்டியே வேலை வாங்கும் மேலாளர்களையும், அடுத்தவர் உழைப்பில் பெயர் தட்டிக்கொண்டு போகும் மேலாளர்களையும் பார்த்து மனம் புழுங்கியிருக்கிறேன். ஆகவே, பொறுப்பு என் கைக்கு வந்தபோது அப்படி இருக்கக் கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் ‘சர்வன்ட் லீடர்ஷிப்’ எனப்படும் சேவைத் தலைமையைப் பற்றிப் படித்தேன். தலைவர் என்பவர் முதலில் தொண்டு செய்பவராக இருக்க வேண்டும் என்ற கருத்து என் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

அதை நான் எப்படிச் செயல்படுத்தினேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். யாராவது அறிக்கையை அரைகுறையாகக் கொடுத்தால் திருப்பி அனுப்ப மனம் வராமல், இரவில் நானே உட்கார்ந்து திருத்திவிடுவேன். கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளர்களின் அழைப்புகளை எல்லாம் நானே எடுத்துப் பேசினேன். கேட்டவர்களுக்கெல்லாம் விடுப்புக் கொடுத்துவிட்டு, அவர்கள் விட்டுச்சென்ற வேலையை என் தலையில் போட்டுக்கொண்டேன். தவறு செய்தவரிடம் அதை நேரில் சொன்னால் அவர் மனம் நோகுமே என்று எண்ணிப் பலமுறை பேசாமல் இருந்துவிட்டேன்.

அணியில் மிகவும் திறமையானவர் என்று நான் மதிக்கும் ஒருவர் சென்ற வாரம் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டார். காரணம் கேட்டதற்கு, “நீங்கள் எல்லோரிடமும் நல்லவராக இருக்கிறீர்கள். ஆனால் எனக்கு இங்கே கற்றுக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை, கடினமான வேலை எதுவும் என் கைக்கு வருவதே இல்லை” என்று சொன்னார். என் மேலதிகாரியோ, கொஞ்சம் கண்டிப்பு இல்லாவிட்டால் அணி கைமீறிப் போய்விடும் என்கிறார். வீட்டிலும் இதே கதைதான். 14 வயது மகளின் பள்ளிச் செய்முறைத் திட்டங்களில் பாதியை நான்தான் செய்து கொடுக்கிறேன். நான் ஊரில் இல்லாத நாள்களில் அவள் திணறிப்போகிறாள்.

உடலும் மனமும் களைத்துவிட்டன. இந்தக் கொள்கையே நடைமுறைக்கு ஒவ்வாததா, அல்லது நான் அதைப் புரிந்துகொண்ட விதத்தில்தான் கோளாறா? தொழிலிலும் வாழ்க்கையிலும் இதைச் சரியாகக் கடைப்பிடிப்பவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பதில் 1: உற்பத்தி மேலாளர், 26 ஆண்டு அனுபவம்

நண்பரே, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் எழுதியிருப்பதில் முக்கால்வாசியை நானும் செய்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

இந்தக் கருத்துக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் ராபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்கர். அவர் துறவியோ மதபோதகரோ இல்லை. ஏடி அண்ட் டி என்ற பெரிய தொலைபேசி நிறுவனத்தில் 1926 முதல் 1964 வரை 38 ஆண்டுகள் வேலை பார்த்து, மேலாளர்களை உருவாக்கும் பணியில் தலைமுடி நரைத்தவர். ஓய்வுபெற்ற பிறகு, 1970-இல் எழுதிய ஒரு கட்டுரையில்தான் இதை முன்வைத்தார். அந்தக் கட்டுரையில் அவர் தரும் உரைகல்லைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் எவ்வளவு உழைத்தீர்கள், எவ்வளவு விட்டுக்கொடுத்தீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. உங்கள் தொண்டைப் பெறுகிறவர்கள் மனிதர்களாக வளர்கிறார்களா, முன்பைவிட அறிவுள்ளவர்களாகவும் சுதந்திரமானவர்களாகவும் பிறர் கையை எதிர்பார்க்காதவர்களாகவும் ஆகிறார்களா, அவர்களும் ஒருநாள் பிறருக்குத் தொண்டு செய்ய முன்வருவார்களா என்று கேட்கிறார். கூடவே, சமூகத்தில் மிகவும் கீழே இருப்பவர்களுக்கு இதனால் என்ன விளைகிறது என்றும் கேட்கிறார்.

உங்கள் எட்டு மாதங்களை இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். அறிக்கையை அரைகுறையாகக் கொடுத்தவர் இன்றும் அரைகுறையாகத்தான் கொடுக்கிறார். கோபக்கார வாடிக்கையாளரிடம் பேசத் தெரியாதவருக்கு இன்றும் தெரியாது. திறமைசாலியோ வெளியேற வழி தேடுகிறார். நீங்கள் பட்ட பாடு உண்மை, ஆனால் அதனால் யாரும் வளரவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு நம் மொழியிலேயே ஒரு விளக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ‘சர்வன்ட்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்துக்கு ஏவலாள்தான் நினைவுக்கு வருகிறான். ஏவலாள் என்பவன் பிறர் ஏவியதைச் செய்பவன். எது தேவை என்று தீர்மானிக்கும் உரிமை அவனுக்கு இல்லை. தொண்டர் என்ற சொல்லின் மணமே வேறு. தொண்டர் தாமாக முன்வந்து, எது தேவை என்று தாமே கண்டறிந்து, சில வேளைகளில் கேட்டவருக்குப் பிடிக்காததையும் செய்கிறார். நீங்கள் தொண்டராக விரும்பி, உங்களை அறியாமலே 11 பேருக்கு ஏவலாள் ஆகிவிட்டீர்கள். அதனால் இனிமேல் ஒவ்வொரு வேலையையும் கையில் எடுப்பதற்கு முன்பு, ‘இவர் கேட்பதைச் செய்கிறேனா, இவருக்குத் தேவையானதைச் செய்கிறேனா’ என்று ஒரு கணம் நின்று பாருங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. எங்கள் பிரிவில் இருப்புக் கணக்கை மாதந்தோறும் தொகுக்கும் பெண் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு மாதமும் கூட்டுத்தொகை எங்கேயாவது உதைக்கும். ஒவ்வொரு மாதமும் நான் கோப்பை வாங்கிப் பத்தே நிமிடத்தில் சரிசெய்து கொடுத்துவிடுவேன். ஒன்றரை ஆண்டு இப்படியே போயிற்று. ஒருநாள் அவர் கோப்பை அனுப்பிவிட்டு, “நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்பதால் நான் சரிபார்க்கவில்லை” என்று இயல்பாகச் சொன்னார். அதில் குத்தல் ஏதும் இல்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த மாதம் அவர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். விசைப்பலகையை நோக்கி என் கை தானாகப் போய்விடும் என்று பயந்து, இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் கோத்து வைத்துக்கொண்டேன். தவறு எந்த வரியில் இருக்கிறது என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. திருப்பியனுப்பிய பொருள்களை இரண்டு இடத்தில் கழித்திருந்தார். “எந்த எண்ணைப் பார்த்தால் உங்களுக்குச் சந்தேகம் வருகிறது?” என்று மட்டும் கேட்டேன். அவர் தேடினார், நான் காத்திருந்தேன். அந்த மௌனம் இருக்கிறதே, அதைத் தாங்கிக்கொள்வதுதான் எனக்கு அந்த ஆண்டில் வாய்த்த மிகக் கடினமான வேலை. 40 நிமிடம் ஆயிற்று. கண்டுபிடித்தவுடன், நான் சொல்லாமலேயே முந்தைய இரண்டு மாதக் கோப்புகளையும் திறந்து அதே தவறு அங்கேயும் இருக்கிறதா என்று பார்த்தார். பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்த காலத்தில் நான் அவருக்குச் செய்ததை உதவி என்றே நம்பியிருந்தேன்.

---

பதில் 2: மருத்துவமனை வார்டுப் பொறுப்புச் செவிலியர்

முந்தைய பதிலில் சொன்ன எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன். அங்கே விடுபட்டது கேட்பதைப் பற்றிய பேச்சு. அதை மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் தொழிலில் அது உயிர் சம்பந்தப்பட்டது.

பொறுப்புச் செவிலியராக நான் பதவியேற்ற முதல் மாதத்தில், வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆன ஒரு பெண் என்னிடம் வந்து, ஒரு நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை வேறு நேரத்தில் கொடுத்துவிட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். நோயாளிக்குப் பாதிப்பு ஏதும் ஏற்படவில்லை. நான் திட்டவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. ஆனால் கையில் இருந்த பேனாவை மேசைமேல் பட்டென்று வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று மாதங்கள் எங்கள் வார்டில் ஒரு தவறுகூட நடந்ததாக யாரும் என்னிடம் சொல்லவில்லை. என் நிர்வாகத்தில் தவறுகள் ஒழிந்துவிட்டன என்று நான் மகிழ்ந்திருந்தேன். தவறுகள் ஒழியவில்லை, என் காதுக்கு வரும் வழிதான் அடைபட்டுவிட்டது என்பதை வேறொரு வார்டின் மூத்த செவிலியர்தான் எனக்கு இடித்துரைத்தார்.

எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனை அணிகளின் மருந்துத் தவறுகளை ஆராயும்போது இதையே எதிர்கொண்டார். நல்ல அணிகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, அவற்றில்தான் எண்ணிக்கை கூடுதலாக இருப்பதாகத் தரவு காட்டியது. துருவிப் பார்த்தபோது, அந்த அணிகளில் இருப்பவர்கள் அஞ்சாமல் தவறுகளை வெளியே சொல்கிறார்கள் என்பதும், மற்ற அணிகளில் மறைத்துவிடுகிறார்கள் என்பதும் புலப்பட்டது. உளவியல் பாதுகாப்பு என்று இன்று எல்லோரும் பேசும் கருத்தை அவர் 1999-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

நான் இப்போது செய்வது ஒன்றே ஒன்றுதான். ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் விவரங்களைக் கைமாற்றி முடித்த பிறகு, “இன்றைக்கு எந்த இடத்தில் உங்களுக்குப் பதறியது?” என்று கேட்கிறேன். ‘தவறு ஏதாவது நடந்ததா’ என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். பதறிய இடத்தைக் கேட்டால் பேசுகிறார்கள். முதல் சில வாரங்களில் யாரும் வாய் திறக்காததால், எனக்குப் பதறிய இடத்தை நானே முதலில் சொன்னேன். யாராவது சொல்லத் தொடங்கினால் பேனாவைக் கீழே வைப்பதில்லை. அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்கிறேன். சொன்னதால் என்ன மாறிற்று என்பதையும் மறுவாரம் அவர்களிடம் தெரிவிக்கிறேன். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் மற்றவை எல்லாம் வீண்.

சகோதரரே, நீங்கள் தவறுகளைச் சுட்டிக்காட்டாமல் விட்டதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன. இரண்டிலும் தவறு பேசப்படாமலே போய்விடுகிறது.

---

பதில் 3: சிறுதொழில் நடத்துபவர்

எனக்கு இந்தக் கருத்தில் நெடுங்காலம் நம்பிக்கை இருந்ததில்லை. அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

என் பட்டறையில் ஒருவரை மூன்று ஆண்டுகள் இரக்கத்தினால் வைத்திருந்தேன். வேலைக்கு நேரத்துக்கு வரமாட்டார். வந்தாலும் வேலையை முடிக்கமாட்டார். குடும்பஸ்தர், நல்ல மனிதர், வேலையை விட்டு அனுப்பினால் என்ன ஆவாரோ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். என் கருணைக்கு விலை கொடுத்தது நான் இல்லை என்பது மெதுவாகத்தான் உறைத்தது. அவர் செய்யாத வேலையைப் பக்கத்து இயந்திரத்தில் நின்ற இருவர் செய்தார்கள். அவர்களில் ஒருவர் தம் பிள்ளைகள் தூங்குவதற்குள் வீட்டுக்குப் போன நாளே அரிது. நான் அந்த ஒருவருக்குச் செய்த தொண்டு, இந்த இருவரிடமிருந்து கேட்காமல் எடுத்துக் கொடுத்த தானம்.

அதனால் விடுப்பு, சலுகை, விட்டுக்கொடுத்தல் என்று எது வந்தாலும், இதன் சுமை யார் தோளில் இறங்குகிறது என்று பார்க்கப் பழகிக்கொண்டேன். அந்த மனிதரிடம் நேராகப் பேசினேன். எந்தெந்த நாளில் என்னென்ன வேலை நின்றது என்று தேதியோடு சொன்னேன். மாற்றிக்கொள்ள இரண்டு மாதம் தந்தேன். வாரம் ஒருமுறை அவரோடு உட்கார்ந்தேன். கடைசியில் அவர் வேறு வேலைக்குப் போனார். என்னிடம் வருத்தம் இருந்தது, அவரிடமும் இருந்தது. ஆனால், “இதை முதல் ஆண்டிலேயே சொல்லியிருந்தால் நான் வேறு வழி பார்த்திருப்பேனே” என்று அவர் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

உங்கள் மேலதிகாரி கண்டிப்பு வேண்டும் என்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டு நீங்கள் மிரள வேண்டாம். அதட்டுவது வேறு, உள்ளதை உரிய நேரத்தில் முகத்துக்கு நேராகச் சொல்வது வேறு. பின்னதைச் செய்யாதவரைத் தொண்டர் என்று ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

---

கேள்வி கேட்டவர்

ஐயா, அம்மா, உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஏவலாள், தொண்டர் என்ற அந்த வேறுபாட்டைப் படித்தபோது என் எட்டு மாதங்களும் கண்முன் வந்து நின்றன. அறிக்கையை நானே திருத்தியபோது, அது அவர்களுக்காக என்று நினைத்திருந்தேன். உண்மையில், சங்கடமான ஒரு பேச்சிலிருந்து என்னைக் காப்பாற்றிக்கொள்ளவே அப்படிச் செய்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. மாற்றல் கேட்டவரை எப்படித் தக்கவைத்துக்கொள்வது? எல்லோரையும் எதிர்த்துக்கொள்ளாமல், அதே நேரம் அதிகாரத்தைக் காட்டாமல், பழகிப்போன ஒரு வழக்கத்தை மாற்றச் சொல்லி ஓர் அணியை எப்படி ஏற்கவைப்பது? மகளின் விஷயத்திலும் எனக்கு வழி தெரியவில்லை.

---

பதில் 4: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

தம்பி, உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு வரலாற்றில் ஒரு விடை இருக்கிறது. கிரீன்லீஃபும் தம் கட்டுரையில் அவரைத்தான் சான்று காட்டுகிறார்.

1720-இல் பிறந்த ஜான் உல்மன் என்பவர், அன்று பிரிட்டிஷ் குடியேற்றப் பகுதியாக இருந்த நியூஜெர்சியில் வாழ்ந்த தையற்காரர். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அந்தப் பிரிவினரில் வசதியுள்ள பலர் அப்போது அடிமைகளை வைத்திருந்தார்கள். இளம் வயதில் ஒரு கடையில் எழுத்தராக வேலை பார்த்தபோது, முதலாளி தம்மிடம் இருந்த ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றுவிட்டு, அதற்கான விற்பனைப் பத்திரத்தை எழுதும்படி இவரிடம் சொன்னார். வாங்குபவரோ வயதான ஒரு குவேக்கர், பக்கத்திலேயே காத்துக்கொண்டிருந்தார். உல்மன் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால், அடிமை வைத்திருப்பது தம் சமயத்துக்கு முரணானது என்று நம்புவதாக அந்த இருவரிடமும் அங்கேயே சொன்னார். எழுதிக் கொடுத்த குறை அவர் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு இன்னொருவர் அதேபோன்ற பத்திரம் எழுதக் கேட்டபோது மறுத்துவிட்டார்.

அதன்பின் பல ஆண்டுகள், அடிமை வைத்திருந்தவர்களின் வீடுகளுக்கே பயணம் செய்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசினார். கூட்டத்தில் எழுந்து நின்று யாரையும் இழிவுபடுத்தவில்லை. அதேசமயம் பட்டும் படாமலும் பேசவில்லை; அந்த வீட்டில் தங்கினால் தமக்கு உழைத்த அடிமைகளுக்கு அதற்கான கூலியைக் கொடுத்துவிட்டுத்தான் புறப்படுவார். விருந்தோம்பியவருக்கு அது எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வியாபாரம் பெருகி அந்தப் பணிக்கு இடையூறாக வந்தபோது வியாபாரத்தைச் சுருக்கிக்கொண்டார். 1772-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் பெரியம்மையால் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1776-இல், பிலடெல்பியாவைச் சார்ந்த குவேக்கர் சபை தன் உறுப்பினர்கள் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று முடிவெடுத்தது. அவர் ஒருவரால் மட்டுமே அது நடந்தது என்று சொன்னால் மிகையாகிவிடும்; அவரைப் போல் பாடுபட்டவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். ஆனால் எந்தப் பதவியும் ஆணையிடும் அதிகாரமும் இல்லாத ஒரு தையற்காரர் அந்த மாற்றத்துக்கு முதுகெலும்பாக இருந்தார்.

நான் 31 ஆண்டுகள் பாடம் நடத்தியவன். தலைமை ஆசிரியராகவும் இருந்திருக்கிறேன். பொதுக்கூட்டத்தில் நான் அறிவித்த மாற்றங்களில் பெரும்பாலானவை ஒரு பருவம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆசிரியர் அறையில் ஒருவரோடு ஒருவராகப் பேசி, அவருடைய எதிர்ப்பை முழுவதும் கேட்டு, அதில் இருந்த நியாயத்தை ஏற்றுத் திட்டத்தைத் திருத்திக்கொண்ட பிறகு செய்தவை நிலைத்தன. உங்கள் அணியில் 11 பேர்தானே இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். இதுவரை நீங்கள் நடந்துகொண்டதில் எது தவறு என்று கருதுகிறீர்கள் என்பதை ஒவ்வொருவரிடமும் முதலில் நீங்களே சொல்லுங்கள். பிறகு அவர்கள் பேசட்டும்.

மகளைப் பற்றி: நாளைக்கே கையை விலக்கிக்கொண்டு, ‘இனி நீயே செய்துகொள்’ என்று சொல்லிவிடாதீர்கள். பழக்கிவிட்டவர் நீங்கள்; திடீரென்று விலகினால் அது அந்தக் குழந்தைக்குத் தண்டனையாகத்தான் தெரியும். அடுத்த திட்டத்தை அவள் தொடங்கும்போது அருகில் உட்காருங்கள். என்ன செய்யப் போகிறாள் என்பதை அவள் வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஒட்டியது கோணலாக இருந்தால் கோணலாகவே பள்ளிக்குப் போகட்டும். அதற்கடுத்த முறை, அவள் கூப்பிட்டால் மட்டும் போங்கள். என் மகனுக்கு நான் இதைச் செய்யத் தவறியவன். அவன் கல்லூரிக்குப் போன முதல் ஆண்டில் ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்காக என்னைத் தொலைபேசியில் அழைத்து அழுதது இன்றும் என் காதில் இருக்கிறது.

---

பதில் 5: உற்பத்தி மேலாளர் (மீண்டும்)

மாற்றல் கேட்டவரைப் பற்றி மட்டும் இரண்டு வரி. எப்படித் தக்கவைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வி உங்கள் வசதியைப் பற்றியது. அவர் எங்கே வளர்வார் என்று கேட்டுப் பாருங்கள். கடினமான வேலையை அவர் கையில் ஒப்படைத்து, முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுக்க உங்களால் முடியும் என்றால் அதைச் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்த மாற்றலுக்கு நீங்களே பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுங்கள். நான் வளர்த்தவர்களில் மூன்று பேர் இன்று வேறு ஆலைகளில் எனக்கு மேலான பொறுப்பில் இருக்கிறார்கள். அவர்களை அனுப்பிவைத்த ஒவ்வொரு முறையும் என் பிரிவு சில மாதம் திண்டாடியது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

---

பதில் 6: மருத்துவமனை வார்டுப் பொறுப்புச் செவிலியர் (மீண்டும்)

கிரீன்லீஃபின் உரைகல்லில் கடைசிக் கேள்வியை யாரும் மேலே தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். மிகவும் கீழே இருப்பவருக்கு என்ன விளைகிறது என்பது அது. சகோதரரே, உங்கள் 11 பேரில் யார் குரல் உங்கள் காதுக்கு மிகக் குறைவாக வருகிறது? எங்கள் வார்டில் அது துப்புரவுப் பணியாளர். நோயாளி தரையில் கால் வழுக்கி விழப்போன இடம் எது என்பது எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. கேட்பதற்குத்தான் எனக்கு நெடுநாள் ஆயிற்று.

---

கேள்வி கேட்டவர் (மூன்று வாரம் கழித்து)

நடந்ததைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இதுவரை ஏழு பேரிடம் தனித்தனியாகப் பேசியிருக்கிறேன். நான்கு பேச்சுகள் நன்றாக அமைந்தன. இரண்டில் அவர்கள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மாதம் நான் பேசாமல் இருந்ததற்கு அது நியாயமான பதில்தான். அறிக்கையைத் தொடர்ந்து அரைகுறையாகத் தந்தவரிடம் அதை வாய்விட்டுச் சொன்னேன். குரல் நடுங்கியது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, எந்தப் பகுதி குறைபாடாக இருந்தது என்று அடையாளம் காட்டச் சொன்னார். மாற்றல் கேட்டவருக்கு, எங்களிடம் மிகவும் கடுமையாகப் பேசும் ஒரு வாடிக்கையாளரின் பொறுப்பை முழுவதுமாகக் கொடுத்திருக்கிறேன். இரண்டு மாதம் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் கூறியிருக்கிறார். போவதென்று முடிவெடுத்தால் பரிந்துரைக் கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னேன். மகள் கோணலாக ஒட்டிய படத்தை நான் இன்னும் கையை இறுக்கிக்கொண்டுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செவிலியர் அம்மா கேட்ட கேள்விக்கு விடை ஏழாவது பேச்சில்தான் கிடைத்தது. எங்கள் அணியில் ஒப்பந்த அடிப்படையில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஒருவர் இருக்கிறார். பகலில் நான் அவரைப் பார்ப்பதே இல்லை என்பதால், அன்று இரவு அவர் வேலை தொடங்கும் நேரத்துக்கு அலுவலகம் போனேன். எந்த இடத்தில் உங்களுக்குப் பதறுகிறது என்று கேட்டேன். அவர் வெகு நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “என் வேலை 10 மணிக்குத் தொடங்குகிறது. பகலில் முடியாமல் நின்ற வேலைகளின் பட்டியல் எனக்கு 11 மணிக்குத்தான் வருகிறது. அந்த ஒரு மணி நேரம் யாராவது அழைத்தால் நான் என்ன சொல்வது என்று தெரியாது.” எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். சேர்ந்ததிலிருந்து என்றார். அவர் சேர்ந்து 19 மாதம் ஆகிறது.

அந்தப் பட்டியலை அனுப்புவது நான்தான். மற்றவர்களின் அறிக்கைகளைத் திருத்தி முடித்த பிறகு, கடைசி வேலையாக அனுப்பிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்பு இருந்தவரும் அப்படித்தான் செய்திருக்கிறார். இப்போது ஒன்பதரை மணிக்கு அனுப்புகிறேன்.